மணல்மேட்டின் மறுபுறம்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எழுதியபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதனை எதிர்பார்த்திருப்பர் என்பதை நான் அறியாதவனல்லேன். சமய குரவரைப் பற்றியோ சங்கச் சான்றோரைப் பற்றியோ நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆயினும் மணல்மேடுகளின்மீது ஜீப் வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதத் துணிந்தேன். புளத்கொகுபிட்டிய மலைகளிலே தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவில் வாழும் ஒருவனுக்கு மணல்மேட்டில் என்ன வேலை என்று பழைய நண்பர்கள் நகைக்கக்கூடும். அந்நகைப்புக்கு விடையாகவே இதனை எழுதுகின்றேன். சங்கப் புலவரும் இடையே வருவார். அவரை அழையாமல் இப்பொருளைப் பேசி முடித்தல் இயலாதென்பதை வாசகர் பின்னர்க் காண்பர்.

முதலில் எங்கள் மலையிலே கண்டதைச் சொல்கின்றேன். நீண்ட விடுமுறை வரும்போதெல்லாம் நகரத்திலிருந்து ஜீப் வண்டிகள் அணியணியாக எங்கள் தோட்டப் பாதைகளில் ஏறி வரும். தார் போட்ட நல்ல வீதியை விட்டு விலகி, கல்லும் சேறும் நிறைந்த குறுக்கு வழிகளில் ஓட்டுவதே அவற்றிலுள்ளோர்க்கு இன்பம். அவ்வின்பத்தை நான் வெறுப்பவனல்லேன். ஆனால் ஒருமுறை அவ்வாறு சென்ற வண்டிகளின் சில்லு ஏறி, மலையூற்றிலிருந்து லயத்துப் பீலிக்கு நீர் கொண்டுவரும் குழாய் நொறுங்கிப்போயிற்று. ஓட்டிச் சென்றவர் அதனை அறிந்திரார்; அறிந்திருந்தால் நின்றிருப்பர் என்றே நம்புகின்றேன். மூன்று நாள் அந்த லயத்துப் பெண்கள் கொழுந்து நிறுத்து முடித்த கையோடு குடமெடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினர். உடை துவைக்க நீரில்லாமையால் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை. வந்தவர்கள் பாதையே இல்லாத காடென்று எண்ணி மகிழ்ந்த இடம், இருபது குடும்பத்தாரின் முற்றமாயிருந்தது.

இந்நினைவு நெஞ்சில் இருந்த காலத்திலேதான், சில ஆண்டுகளுக்குமுன் மாணவரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்ற நான் மணற்காட்டைக் கண்டேன். வடமராட்சி கிழக்கிலே குடத்தனையை அடுத்துள்ள கடலோரக் கிராமம் அது. காற்றுக் கொணர்ந்து குவித்த மணல்மேடுகள். அவற்றையடுத்து நெடிதுயர்ந்த சவுக்கந்தோப்பு. மணல் மூடியும் மூடாமலும் சுவர்கள் மாத்திரம் எஞ்சி நிற்கும் பழைய அந்தோனியார் ஆலயம். மலையன்றி வேறொன்றறியாத எங்கள் பிள்ளைகள் காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டின்மீது ஓடினார்கள். ஓடியவர்கள் ஓரிடத்திலே நின்றுவிட்டார்கள். அங்கே ஒரு சரிவின் குறுக்கே ஆழமான இரு சில்லுத் தடங்கள் ஏறி இறங்கியிருந்தன. தடம் சென்ற வழியெல்லாம் அடம்பன் கொடி அறுந்து, வேர் மேலாய்க் காய்ந்து கிடந்தது. “இங்கேயும் ஜீப் வருமா சேர்?” என்று ஒருத்தி கேட்டாள். நீரில்லாமையால் பள்ளிக்கு வராதிருந்த அதே சிறுமிதான்.

மணல்மேட்டைக் காண்பவர், அஃது எவர்க்கும் உரிமையற்ற வெற்று மணற்குவியல் என்று கருதிவிடுவது எளிது. உண்மை அதுவன்று. கடற்காற்று வாரிக்கொண்டு வரும் மணலை முதலிலே ஒரு சிறு செடி மறிக்கின்றது. அதன் பின்னே கையளவு மேடொன்று உண்டாகின்றது. மேடு உயர உயரச் செடியும் தன்னை மூடிய மணலைத் துளைத்து மேலே வளர்கின்றது. அது மேலும் மணலை மறிக்கின்றது. நமது கரைகளில் இத்திருப்பணியைச் செய்வன சிறப்பாக இரண்டு. இராவணன் மீசை என்னும் முட்புல் ஒன்று. அடம்பன் கொடி மற்றொன்று. முன்னதன் முள்ளுருண்டைக் கதிர்கள் காற்றில் உருண்டோடி விதை பரப்புவதைச் சிறுவர்கள் விளையாட்டாகத் துரத்துவர். பின்னதன் இலை மான்குளம்பு போற் பிளவுபட்டது. மலர் ஊதா நிறத்தது. கொடி மணலோடு மணலாய்ப் படர்ந்து கணுதோறும் வேரூன்றுவது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர் சொல்வது இதனைக் கண்டன்றோ? திரண்டு நிற்கும்வரை அம்மிடுக்கு உண்டு. சில்லின் கீழ் அறுந்துபோனால், அறுந்த இடத்திலே காற்று மணலை அள்ளத் தொடங்குகின்றது. அள்ளிய இடம் பள்ளமாகின்றது. அப்பள்ளத்தின் வழியே காற்று இன்னும் விசையோடு பாய்ந்து பள்ளத்தை வாய்க்காலாக்குகின்றது. செடியும் காற்றும் பல்லாண்டு கூடிக் கட்டிய மதிலில் ஒருநாள் விளையாட்டு வாயில் திறந்துவிடுகின்றது.

மதில் என்று சொன்னதும் உவமை மாத்திரமன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்ததை மறந்தவர் நம்மிடையே இல்லை. தெற்கே யாலக் கடற்கரையில், கடலழகு நன்கு தோன்றவேண்டுமென்று முன்னிருந்த மணல்மேட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்த இடத்திலே ஒரு விடுதி நின்றது. அலை அவ்விடுதியை முற்றாக அழித்தது. மேடு குலையாதிருந்த அயலிடங்களில் அழிவு வெகு குறைவாயிருந்ததென்று, பின்னர் வந்து அளந்த அறிஞர் பதிவு செய்தனர். காட்சிக்காக அகற்றினாலென்ன, களிப்புக்காகக் குலைத்தாலென்ன, மேட்டுக்கு இரண்டும் ஒன்றே. அதன் பின்னே உறங்கும் குடிசைக்கும் இரண்டும் ஒன்றே.

மனிதரோடு அம்மணலை நம்பி வாழும் சிற்றுயிர்களும் உள. உலகிலுள்ள 7 வகைக் கடலாமைகளுள் 5 வகை இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன. மணலின் அடியிலே ஏறக்குறைய இரண்டு மாதம் கிடந்து பொரிக்கும் குஞ்சுகள், இரவிலே வெளிவந்து கடலை நோக்கி ஊர்கின்றன. வண்டிச் சில்லு முட்டையின்மேல் மணலை இறுக்கிவிட்டால் மேலே வர இயலாது மடியும். வெளிவந்தவையோ, நமக்கு ஒரு சாண் ஆழமாகத் தோன்றும் சில்லுத் தடத்துள் விழுந்தால் ஏறமுடியாமல் அதன் நெடுகிலே அலைந்து, விடியுமுன் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். வண்டியின் விளக்கொளியோ அவற்றைக் கடலினின்றும் எதிர்த்திசைக்கு இழுக்கும். நண்டுகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

நண்டு என்றதும் நான் முன்னர்க் கூறிய புலவர் வருகின்றார். நற்றிணையின் 11ஆம் பாடலை இயற்றிய உலோச்சனார் அவர். காதலனுடைய வரவு தவறிற்றென வாடும் தலைவிக்குத் தோழி ஆறுதல் கூறுகின்றாள். கானலில் நிலவு விரிந்துவிட்டது. அலை மோதும் மணற்கரையிலே தேர் வரும் என்கின்றாள். அத்தேரைப் பாகன் எவ்வாறு செலுத்துவான் என்று புலவர் சொல்லுமிடமே நமக்குப் பாடம். சில்லின் அருகே ஓடும் நண்டுகளுக்கு ஊறு நேராவண்ணம், கடிவாள வாரை ஆய்ந்து பிடித்து ஓட்டுவானாம். காத்திருப்பவளோ உயிர் வாடுகின்றாள். வருபவனுக்கோ விரைவு மிகுதி. ஆயினும் நண்டுக்கு வழி விடப்படுகின்றது. அகநானூற்றின் 4ஆம் பாடலிலே குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனோ, மலரிலே தேனுண்ணும் வண்டினங்கள் கலங்குமென்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகின்றான். மணற்கரையில் வண்டியோட்டும் பண்பினை இவற்றினும் நன்றாகக் கூறிய விதிநூல் எதனையும் நான் இதுவரை கண்டிலேன். இவ்விரண்டு பாடல்களையும் ஆண்டுதோறும் பலர் கற்பிக்கின்றோம். அணியழகு இது, இறைச்சிப் பொருள் இது என்று கரும்பலகையில் எழுதுகின்றோம். கற்ற மாணவன் வளர்ந்து வண்டி வாங்கியபின் நண்டுக்கு வழிவிடுகின்றானா என்பதை ஆராய்வதில்லை. அக்குறை ஆசிரியராகிய எமக்கும் உரியது.

என் பழைய மாணவன் ஒருவன், எங்கள் தோட்டத்து லயத்திலே பிறந்தவன், இன்று டுபாயிலே சாரதி. பாலைவன மணல்மேடுகளின்மீது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதே அவன் தொழில். விடுமுறையில் வந்திருந்தபோது அத்தொழிலின் நுட்பத்தை எனக்கு ஆசிரியனாயிருந்து விளக்கினான். மணலில் இறங்குமுன் டயர்களின் காற்றைக் குறைப்பார்களாம். வீதியிலே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்கு மேலிருக்கும் அமுக்கத்தை 15 முதல் 18 வரைக்கும் இறக்கினால், டயர் மணலின்மேல் அகன்று படிந்து, புதையாமல் மிதந்து செல்லும். மீண்டும் தார் வீதி ஏறுமுன் காற்றை நிரப்பிக்கொள்ளவேண்டும். வண்டி புதைந்தால் சில்லைச் சுழற்றச் சுழற்ற ஆழமாய்ப் போகுமேயன்றி வெளிவராது. இறங்கி மணலைத் தோண்டுபவனே வெளியேறுவான். சரிவின் குறுக்கே ஓட்டினால் உருளும். நேரே ஏறி நேரே இறங்கவேண்டும். தனி வண்டியாய்ப் போகலாகாது. கூட்டமாய்ப் போனாலும் முன்வண்டி மேட்டைக் கடந்து விலகும்வரை பின்வண்டி ஏறலாகாது. உயரமான கொடிக்கம்பத்தை வண்டியில் நாட்டிக்கொள்வது மறுபுறத்திலிருப்போர் காண்பதற்காக.

இவ்வளவும் கேட்டபின், இவற்றுள் தலையாயது எது என்று வினவினேன். அவன் சிறிது நினைந்து சொன்னான்: “சேர், மேட்டின் உச்சிக்குப் போகும்வரை மறுபுறம் என்ன இருக்கிறதென்று தெரியாது. காற்று வரும் பக்கம் சாய்வாயிருக்கும். மறுபக்கம் செங்குத்தாய் விழும். அங்கே இன்னொரு வண்டி நிற்கலாம், ஒட்டகம் படுத்திருக்கலாம், யாராவது பாய் விரித்து உட்கார்ந்திருக்கலாம். ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறவேண்டும். பின்னாலிருக்கும் பயணி வேகம் போதாதென்று கத்துவான். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.”

இம்மாணவன் என்னிடம் தமிழிலே முதற்பரிசு பெற்றவனல்லன். ஆனால் உலோச்சனாரின் பாகனை அவனே விளங்கிக்கொண்டான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஏறுதல் என்பதே நான் சொல்ல விரும்புவது முழுவதும். வழியில்லா இடத்திலே வண்டி ஓட்டுபவன் செய்யும் தவறுகள் யாவும், மறுபுறத்தில் ஒருவரும் இலர் என்னும் ஓர் எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. மணற்காட்டிலே மறுபுறம் ஒரு மீனவர் குடியிருப்பு. எங்கள் மலையிலே ஒரு குழாயும் பீலியும். கடற்கரையிலே மணலுக்குள் உறங்கும் முட்டை.

சட்டங்கள் இல்லாமலில்லை. நம் நாட்டில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. இந்தியாவிலே 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவித்தலும், அதன்பின் வந்த 2019ஆம் ஆண்டின் அறிவித்தலும் மணல்மேடுகளை மிகுந்த காவலுக்குரிய நிலங்களுள் வைத்துள்ளன. அமெரிக்காவிலே வீதிக்குப் புறம்பாக ஓடும் வண்டிகள் பெருகியபோது, 1972இல் அதிபர் நிக்சன் 11644ஆம் இலக்க ஆணையைப் பிறப்பித்து, அரச நிலங்களில் அவ்வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே ஓடலாகாதென வகுக்கச் செய்தார். மண்ணுக்கும் விலங்குக்கும் மற்றை மனிதர்க்கும் ஊறு குறையவேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்விதமான வண்டிகளுக்குப் பேர்போன நாடே அவ்வாறு செய்தது. ஆயினும் நமது யால வனத்திலே, சட்டமும் காவலரும் இருக்கவே, 2022 ஒக்டோபரில் சொகுசு வண்டிகளை வரம்பு மீறி ஓட்டி விளையாடிய காட்சிகளை நாடே கண்டு வெகுண்டது. காவலர் நிற்குமிடத்திலேயே இதுவென்றால், காவலரில்லா மணல்மேட்டிலே சட்டம் என்ன செய்யும்? அங்கே ஓட்டுபவனுடைய நெஞ்சொன்றே காவலர்.

பொறுப்பு என்பது ஊறு செய்யாமை மாத்திரமன்று. ஊறு நேர்ந்தபின் ஓடி மறையாமையும் ஆகும். கன்றின்மேல் தேரேறிய மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைத் திருவாரூர்க் கதையாக நாம் அறிவோம். அதனையொத்த கதையை மகாவம்சம் அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கின்றது. எல்லாளனைப் பற்றி அந்நூல் கூறும் இன்னொரு செய்தி அத்துணை அறியப்படாதது. அவன் சென்ற தேரின் நுகமுனை பட்டு ஒரு தூபிக்குச் சேதம் நேர்ந்ததாம். அறியாமல் நேர்ந்த பிழையே அது. ஆயினும் அரசன் கீழே குதித்து, என் தலையைத் தேர்க்காலால் அறுத்துவிடுங்கள் என்று வீதியிலே கிடந்தானாம். அமைச்சர்கள் அதனை மறுத்து, தூபியைத் திருத்திக் கொடுத்தலே தக்கதென்றனர். பெயர்ந்த கற்கள் 15. அவற்றை மீள வைக்க அவன் செலவிட்டது 15,000 கஹாபணம் என்பர். தமிழ் வேந்தன், பௌத்தர் தூபி, புகழ்ந்து எழுதியவரோ பௌத்த துறவி. தன் வண்டியாலே பிறர் பொருள் கெட்டால் இறங்கி நின்று பொறுப்பேற்பவனைப் பகைவரும் போற்றுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பதினைந்து கல்லுக்கு அரசன் இறங்கினான். ஒரு குழாய்க்கு நாம் இறங்கலாகாதா?

இவ்வண்டிகளை ஒரேயடியாகத் தடைசெய்துவிடலாமே என்பாரும் உளர். அவரோடு நான் உடன்படேன். 2016 மே 17ஆம் நாள் பெருமழையிலே அரநாயக்கவிலும் எங்கள் புளத்கொகுபிட்டியவிலும் மலை சரிந்து உயிர்கள் மண்ணுட் புதைந்தன. அந்நாட்களிலே வீதி அறுந்து, பஸ் வண்டியும் லொறியும் திரும்பிப்போன இடங்களுக்கு, போர்வையும் உணவும் ஏற்றிக்கொண்டு ஏறி வந்தவை நான்கு சில்லும் இழுக்கும் இத்தகைய ஜீப் வண்டிகளே. ஓட்டி வந்தவர்கள் விடுமுறையில் விளையாட வருகின்ற அதே இளைஞர்கள். சேற்றிலே வண்டி செலுத்தும் வித்தையை அவர்கள் விளையாட்டிலேதான் கற்றிருந்தார்கள். அன்று அவர்கள் எத்துணை மெதுவாக ஓட்டினார்கள்! ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, இறங்கி, எங்களிடம் வழி கேட்டு, மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்த பின்னரே சில்லை நகர்த்தினார்கள். மறுபுறத்திலே மனிதர் உண்டென்பதை அன்று அவர்கள் அறிந்திருந்தனர். அதனாலே அவ்வண்டிகள் எங்களுக்குத் தேராய்த் தோன்றின. வண்டியும் ஒன்று; ஓட்டியவரும் ஒருவர்; வேறுபட்டது நினைவொன்றே. ஆதலின் நான் வேண்டுவது தடையன்று. துயர்நாளில் வந்த அந்நினைவு களிப்புநாளிலும் உடன்வரவேண்டும் என்பதே.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், வணிகர் உளர், வெளிநாடுகளிலே மணல்மேட்டுப் பயணங்களுக்குச் செல்வோரும் உளர். பலரிடம் இத்தகைய வண்டிகள் உண்டென்பதை அறிவேன். அவர்களிடம் உரிமையோடு சில சொல்லுகின்றேன். பலமுறை சில்லுபட்ட தடம் ஒன்று இருக்குமாயின் அதனையே பின்பற்றுங்கள். புதுத் தடம் வகுப்பதைப் பெருமையாகக் கொள்ளாதீர்கள். கொடி படர்ந்த மேட்டின்மீது ஏறாதீர்கள். பசுமை காணுமிடம் அம்மதிலின் அடித்தளம். ஆமை வரும் கரைகளிலே இரவில் வண்டியை இறக்காதீர்கள். எந்த ஊரிலாயினும் முதலிற் காணும் மனிதரிடம் இறங்கி நின்று, ஐயா, இவ்வழியே போகலாமா என்று கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் திரும்புங்கள். நடந்து வருவோரைக் கண்டால் மெதுவாக்குங்கள். மணலையும் சேற்றையும் அவர்மேல் எறிந்து செல்லாதீர்கள். கொண்டுசென்ற உணவுப்பொதியைக் கொண்டுவாருங்கள். ஏதேனும் உடைந்தால் நின்று, பெயர் கூறி, திருத்திக் கொடுங்கள். இவற்றுள் ஒன்றேனும் பெருஞ் செலவு பிடிப்பதன்று.

பின்னொரு விடுமுறையிலே எங்கள் தோட்டப் பாதையில் நான்கு வண்டிகள் வந்தன. முன்வண்டியை ஓட்டியவர் வளைவிலே நிறுத்தி இறங்கி, கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு முதிய பெண்ணிடம், “அம்மா, குறுக்கே தண்ணீர்க் குழாய் போகின்றதா?” என்று கேட்டார். அவர் கையால் காட்டினார். இளைஞர்கள் குழாயின் இருபுறமும் கல்லடுக்கி, பலகையொன்றை மேலே இட்டு, ஒவ்வொரு வண்டியாகக் கடந்து, பலகையை எடுத்துக்கொண்டு கையசைத்துப் போனார்கள். பத்து நிமிடங்கூடச் செல்லவில்லை. அன்று மாலை பீலியிலே தண்ணீர் வந்தது. மறுநாள் என் வகுப்பிலே ஓரிடமும் வெறுமையாயிருக்கவில்லை.

அவ்விளைஞர் எந்தக் கல்லூரியிற் படித்தவர் என்று நான் கேட்கவில்லை. நமது கல்லூரி மாணவராயிருந்தால் எத்துணை நன்றாயிருக்கும் என்று மாத்திரம் எண்ணிக்கொண்டேன். விழாக் காணும் நம் அன்னைக்கு இத்தகைய மைந்தர் பலர் வாய்ப்பாராக.